காணிகளின் சம்மதம்

பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில் வாழும் காணிக்காரர்களுக்கும், திருவனந்தபுரத்து அகஸ்தியர்கூடச் சரிவுகளில் வாழும் காணிக்காரர்களுக்கும் இன்று காணப்படும் பேதம், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்தபோது உண்டான ராஜ்ய எல்லையின் பேதமேயன்றி, குலத்தாலோ வழிபாட்டாலோ வந்ததன்று. ஆதிகுடிகளிடம் ஆராய்ச்சி செய்வோர் அநுசரிக்க வேண்டிய தர்மத்தைப் பற்றிப் பேசும்போது உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படும் ஒரு சம்பவம் இந்த மக்களிடையேதான் நிகழ்ந்தது.

1987 டிசம்பரில் தாவரவியல் விஞ்ஞானி புஷ்பாங்கதன் தலைமையில் மலையேறிய குழுவினர், தாங்கள் களைத்துத் தள்ளாடியபோதும் வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஏதோ சிறு பழங்களைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடப்பதைக் கண்டு வியந்து, அது என்னவென்று வற்புறுத்திக் கேட்டனர். குலத்தின் ரகசியம் அது; முதலில் சொல்லத் தயங்கியவர்கள் பிறகு செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை எனும் அச்செடியை ஆராய்ந்து, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மஸிக்கு 1995இல் ஏழாண்டு உரிமம் அளித்தது. உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிலையமே தீர்மானித்தது. 1997இல் கேரளக் காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவாயிற்று. 1999இல்தான் முதற்பணம் அதனிடம் சேர்ந்தது.

அக்காலத்தில் இவ்வாறு பங்கு கொடுக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டமே 2002இல்தான் வந்தது. ஆகவே அந்த விஞ்ஞானிகளின் நல்லெண்ணத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் நல்லெண்ணம் சம்மதத்தின் ஸ்தானத்தைப் பெற முடியாது. ரகசியத்தைச் சொன்னவர்கள் வழிகாட்டிகள். ஊரை நடத்தும் மூட்டுக்காணியும், மருந்தும் மந்திரமும் அறிந்த பிலாத்தியும் கூடி முடிவு செய்ய அவகாசம் அளிக்கப்படவில்லை. எங்கள் ஞானத்தை விற்க யார் உரிமை கொடுத்தார்கள் என்று பிலாத்திகள் சிலர் ஆட்சேபித்ததும், எல்லைக்கு இப்பால் அதே காட்டில் வாழும் நம் மாவட்டத்துக் காணிகள் அந்த டிரஸ்டின் பெயரிலேயே இடம்பெறாமல் போனதும் இதன் விளைவே. செடியின் இலையைக் காட்டிலிருந்து எடுத்து விற்பதற்கு வனத்துறை தடை விதித்தமையால், வருமானமும் எதிர்பார்த்தபடி பெருகவில்லை.

இதற்கு மாறாக, தென்னாப்பிரிக்காவின் ஆதிகுடிகளான சான் மக்கள், 2017இல் தங்களை ஆராய வருவோர்க்கான விதிகளைத் தாங்களே வகுத்து, மரியாதை, நேர்மை, நியாயம், பரிவு ஆகியவற்றை நிபந்தனைகளாக வைத்தனர். விதியை எழுதியவர்கள் ஆராயப்படுவோரே என்பதுதான் அதன் மேன்மை. நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டின் உயிர்வளம் பற்றிய பாரம்பரிய அறிவின்மேல் அங்கு வாழும் சமுதாயத்துக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே நாகர்கோவில் கல்லூரிகளிலிருந்து மூலிகையோ பாட்டோ ரத்தமாதிரியோ தேடி மலையேறும் மாணவர்களையும், அவர்களை அனுப்பும் ஆசிரியர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: கையொப்பப் படிவத்தை நீட்டுமுன் ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொல்லுங்கள், எதற்காக வந்தீர்கள், யாருக்கு என்ன பயன் என்பதை அவர்களுக்கு விளங்கும் பேச்சில் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி இறங்கி வாருங்கள், சம்மதித்தால், எழுதி முடித்ததை அச்சேறுமுன் அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள்.