சம்பளத்தில் வெட்டிய பணம் எங்கே?

கடையிலோ தொழிற்சாலையிலோ பத்து வருடம் உழைத்த கணவருக்கு நெஞ்சு வலி. சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் வைத்தியர். உதவி கேட்டு விண்ணப்பிக்கப் போனால், "உங்கள் பெயரில் பணமே வரவில்லையே!" என்ற பதில். சகோதரிகளே, இந்த நிலை உங்கள் வீட்டுக்கு வராதிருக்க சில விடயங்களை இன்றே அறிந்து வையுங்கள்.

தனியார் துறையில் வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படும். முதலாளி தன் பங்காக 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தை முதலாளியே செலுத்த வேண்டும். இதைச் சம்பளத்தில் வெட்ட அவருக்கு உரிமையில்லை. 40,000 ரூபா சம்பளம் என்றால் 3,200 ரூபா வெட்டப்படும். முதலாளி 4,800 ரூபாவும் 1,200 ரூபாவும் போட வேண்டும். தற்காலிக ஊழியருக்கும் இது உரியது.

நம்பிக்கை நிதியம் வெறும் சேமிப்பு அல்ல. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கும், மரணம், நிரந்தர அங்கவீனம் நேர்ந்தாலும் அது உதவி வழங்குகிறது. சேமலாப நிதியிலும், பத்து வருடம் பங்களித்து 300,000 ரூபாவுக்குக் குறையாத மீதி உள்ளவர் வைத்தியச் செலவுக்கு 30 சதவீதம் வரை பெற வழியுண்டு. ஆனால் பணம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? சம்பளச் சீட்டுகளை ஒரு கோவையில் பத்திரப்படுத்துங்கள். வேலைக்கான கடிதம், அங்கத்துவ இலக்கம் ஆகியவற்றையும் அதனுடன் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது கணக்கின் மீதியைப் பாருங்கள். சீட்டில் வெட்டியிருந்தும் கணக்கில் இல்லையென்றால், முதலில் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் இல்லையா? சேமலாப நிதி பற்றி அருகிலுள்ள தொழில் அலுவலகத்திலும், நம்பிக்கை நிதியம் பற்றி அதன் சபையிடமும் முறையிடலாம். வேலை போய்விடுமோ என்று பயந்தால் பெயரை இரகசியமாக வைக்கும்படி கேளுங்கள். சேமலாப நிதியைத் தாமதித்துச் செலுத்தும் முதலாளி 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் கட்ட நேரிடும். செலுத்தவே மறுத்தால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடலாம்.

உழைப்பவரின் பணம் முதலாளியின் கையில் இருக்கும் அமானிதம். நோய் வந்த பின் ஓடித் திரிவதை விட, இந்த மாதச் சம்பளச் சீட்டை இன்றிரவே எடுத்துப் பார்ப்பது நல்லதல்லவா?