தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் முட்டைகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் 20 நெருங்குகிறது. டெங்கு எச்சரிக்கை அறிவிப்புகள் வந்துவிட்டன, கூடவே வாசகர் கடிதங்களும். விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழிப் பக்கத்துக் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கின்றன: ரப்பரும் காபியும் விளையும் ஊரில் கொசு பெருகுவது சரி, வானம் பார்த்த கரிசல் காட்டுக்கு எதற்கு இந்த எச்சரிக்கை?

முதலில் ரப்பரைப் பார்ப்போம். டெங்குவைப் போலவே ஏடிஸ் கொசுவால் பரவும் சிக்குன்குனியா 2007இல் கேரளத்தில் பரவியபோது கோட்டயம், பத்தனம்திட்டா, இடுக்கி மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. ரப்பர் செழித்த பகுதி அது. நோயை முக்கியமாகச் சுமந்தது வீட்டுக்குள் திரியும் ஏடிஸ் எஜிப்தி அல்ல. மர நிழலை விரும்பும் அதன் பங்காளி, ஏடிஸ் அல்போபிக்டஸ். வைரஸிலும் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் இந்தக் கொசுவின் உடலில் அது எளிதாகத் தொற்றிப் பெருகியது.

ஒரு ஹெக்டேர் ரப்பர் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான மரங்கள் நிற்கும். மரத்துக்கு ஒரு சிரட்டை அல்லது பிளாஸ்டிக் கோப்பை. பால் வெட்டு நடக்கும் நாட்களில் கவலை குறைவு. பால் விழுந்ததும் எடுத்துவிடுவார்கள். மழை வலுத்து வெட்டு நின்றால் சிரட்டை வாய் திறந்தபடி மரத்திலேயே கிடக்கும், மழைநீர் நிறையும். கவிழ்த்து வையுங்கள் என்கிறது சுகாதாரத்துறை. நல்ல யோசனைதான். ஆனால் வெட்டு இல்லாத நாளில் பல தோட்டங்களில் கூலியும் இல்லை. கூலியில்லாமல் மரம் மரமாகப் போய்க் கவிழ்ப்பது யார் என்று அறிவிப்பில் இருப்பதில்லை. வெட்டு மறுபடி தொடங்கும்போது விடியலில் தோட்டத்துக்குள் போகிற தொழிலாளியைத்தான் பகலில் கடிக்கும் அந்தக் கொசு முதலில் பிடிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ரப்பருக்கும் இது பொருந்தும்.

இனி நம் ஊர். ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. இரண்டு மூன்று நாளில் உள்ளே புழு உருவாகிவிடும். அதன்பின் சுவர் காய்ந்தாலும் முட்டை சாவதில்லை, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் ஏறி அதை மூழ்கடித்தால் பொரிக்கும்.

இப்போது அருப்புக்கோட்டைத் தெரு ஒன்றில் வாசலில் நிற்கும் நீல டிரம்மை எட்டிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வந்த அன்று விளிம்புவரை நிரப்பியது. தினமும் இரண்டு குடம் எடுக்க எடுக்க மட்டம் இறங்கியிருக்கிறது. தண்ணீர் விட்டுப்போன வெள்ளை உப்பு வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். அவற்றையொட்டிக் கசகசா அளவில் கரும்புள்ளிகள் இருந்தால் அவை முட்டைகளாக இருக்கலாம். மேல் வளையத்தில் இருப்பவை பழையவை, கீழே இருப்பவை நேற்றையவை. பல நாள் கழித்துக் குழாய் திறக்கும்போது மட்டம் மளமளவென்று ஏறுகிறது; அத்தனை நாள் முட்டைகளும் ஒன்றாக மூழ்குகின்றன, அவற்றில் பல பொரிக்கின்றன. புழு கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அடுத்த முறைத் தண்ணீருக்கும் அதே அளவு காத்திருக்க வேண்டிய தெருவில் கொசுவுக்கு அவசரமே இல்லை.

ரப்பர் சிரட்டையில் மழை செய்கிற வேலையை இங்கே குடிநீர் விநியோகமே செய்துவிடுகிறது. இதுதான் என்னை உறுத்துகிறது. வறட்சி நம்மைக் காக்கவில்லை. தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லிக் கொசுவுக்கு இடம் கொடுக்கிறது.

'கொசுப்புழு உள்ள வீடுகள் குறைந்துவிட்டன' என்று அறிக்கை வரும்போது அது எதைக் கணக்கிடுகிறது என்று கேளுங்கள். பார்த்த நூறு வீடுகளில் எத்தனையில் புழு இருந்தது என்பதே அந்தக் குறியீடு. ஒரு சிரட்டையில் புழு இருந்தாலும் ஆறு டிரம்மில் இருந்தாலும் கணக்கில் ஒரு வீடுதான். காய்ந்த சுவரில் முட்டை மட்டும் ஒட்டியிருந்தால், சுத்தமான வீடு. மல்லிகைத் தோட்டத்து மோட்டார் கொட்டகைத் தொட்டியும், மருந்தடிக்க வரப்போரம் நிறுத்திய டிரம்மும் வீடே இல்லை. மொட்டுப் பறிக்க விடியலிலேயே தோட்டத்தில் குனிந்து நிற்கும் பெண்கள் எவ்வளவு கடிபடுகிறார்கள் என்பதை இந்த எண் காட்டாது. தோட்டத்தையும் வேலையிடத்தையும் சேர்க்காத கணக்கை வைத்து 'கட்டுக்குள் இருக்கிறது' என்பதை நான் ஏற்கவில்லை.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

கண்மாய், ஊருணி நிரம்பினால் டெங்கு வருமா? டெங்குக் கொசு அங்கே பெருகுவதில்லை, நிரம்பட்டும்.

சொட்டுநீர்ப் பாசனம்? குழாயில் பயமில்லை, அதற்குத் தண்ணீர் தேக்கும் திறந்த தொட்டியை மூடுங்கள்.

புகை மருந்து? பறக்கும் கொசுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் வந்தால்? ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரைச் சேமிக்காமல் இருக்க முடியுமா? முடியாது. நாள் விட்டு நாள் தண்ணீர் கொடுங்கள் என்று நகராட்சியிடம் கேட்பதும் டெங்கு தடுப்புதான். அதுவரை, குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தைய நாள் டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் விளிம்புவரை அழுத்தித் தேயுங்கள். வெறுமனே கொட்டிக் கவிழ்த்தால் முட்டை போகாது. தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். நிரப்பியதும் துணியால் இறுகக் கட்டிவிடுங்கள்.