நுண்துளை அறுவையில் உணவுக்குழாய் இணைப்பு

உணவுக்குழாய் இணைப்பு என்பது புற்றுநோய் போன்ற காரணங்களால் உணவுக்குழாயின் பகுதியை அகற்றியபின், எஞ்சிய பகுதியை இரைப்பையுடனோ சிறுகுடலுடனோ சேர்த்து உணவுப் பாதையை மீட்டமைப்பதாகும். மருத்துவர்கள் இதனை அனஸ்டமோசிஸ் என்பர். நுண்துளை முறையில் மார்பிலும் வயிற்றிலும் இடப்படும் சிறு துளைகள் வழியாக, காமிரா உதவியுடன் அறுவை நடைபெறுகிறது.

சிக்கலின் காரணம்

குடலுக்கு உள்ள வெளிச்சவ்வு உணவுக்குழாய்க்கு இல்லை. எனவே தையல் கிழிய வாய்ப்பு அதிகம். இரைப்பை குழாய் வடிவில் வெட்டப்பட்டு மேலே இழுக்கப்படுகிறது. அதன் மேல்நுனிக்கே இரத்தம் மிகக் குறைவாகச் செல்கிறது; இணைப்பும் அப்பகுதியிலேயே அமைகிறது.

முறைகள்

- கைத்தையல்: செலவு குறைவு, நேரமும் பயிற்சியும் மிகுதியாகத் தேவை.
- வட்ட ஸ்டேப்ளர்: இரு முனைகளையும் அழுத்தி, உலோக ஊசிகளை வளையமாகப் பதித்து, நடுவில் வழியை வெட்டுகிறது. வாய் சிறிதானால் பின்னர் சுருக்கம் ஏற்படலாம்.
- நேர்கோட்டு ஸ்டேப்ளர்: இரு குழாய்களையும் பக்கவாட்டில் சேர்க்கிறது. அகன்ற வாய் கிடைக்கிறது. கருவி நுழைந்த துளையைத் தைத்து மூட வேண்டும்.

இணைக்கும் இடம்

இணைப்பு கழுத்திலோ மார்பினுள்ளோ அமையும். கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு குழுவினர், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து மார்புப் பகுதி அறுவையைச் செய்யும் முறையில் 130 பேருக்கு அளித்த சிகிச்சையை 2006-இல் வெளியிட்டனர். இந்நிலையில் நுரையீரல் தானே முன்புறம் சரிவதால் உணவுக்குழாய் தெளிவாகத் தெரிகிறது. இவர்களுக்கு இணைப்பு கழுத்தில் செய்யப்பட்டது.

கழுத்தில் ஏற்படும் கசிவை எளிதில் வெளியே வடியவிடலாம். மார்பினுள் கசிந்தால் தொற்று பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். ஆனால் 2021-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கழுத்தில் இணைக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், மார்பில் இணைக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கும் கசிவு ஏற்பட்டது. கழுத்துவரை இழுக்க நீண்ட இரைப்பைக் குழாய் தேவைப்படுவதும், அதனால் நுனியின் இரத்த ஓட்டம் குறைவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

கசிவைத் தடுத்தல்

இணைப்பு இழுவையின்றி அமைய வேண்டும். நுனிக்கு இரத்தம் வர வேண்டும். இண்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தைச் சிரைவழி செலுத்தி, அகச்சிவப்புக் காமிராவில் இரத்த ஓட்டத்தைக் கண்டு, இணைக்கும் இடத்தைத் தேர்வு செய்யலாம். அறுவைக்குப்பின் காய்ச்சல், விரைந்த நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். உரிய நேரத்தில் கண்டறிந்தால் வடிகுழாய், உள்நோக்கி வழி வைக்கப்படும் ஸ்டென்ட், தேவையெனில் மறு அறுவை ஆகியவற்றால் சிகிச்சை அளிக்கப்படுகிறது.