அப்பாவின் புல்லட்டுக்கு எந்த வர்ணம்?

மூங்கில்துறைப்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையை அடுத்த கொட்டகையில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. சென்ற கோடை விடுமுறையில், அதற்குப் புது வர்ணம் பூசுவதா வேண்டாமா என்று எங்கள் குடும்பத்தில் பெரிய வாதம் ஒன்று கிளம்பிற்று. "இதற்கு ஒரு வாதமா? டப்பாவைத் திறந்து பூச வேண்டியதுதானே!" என்று நேயர்கள் எண்ணலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆராயப் புகுந்த பிறகுதான் விஷயம் அத்தனை சுலபம் அல்ல என்று தெரிய வந்தது.

என் தகப்பனார் இவ்வூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் வேலை பார்த்தவர். தென்பெண்ணையின் இரு கரைகளிலும் உள்ள கரும்புக் கொல்லைகளுக்குச் சென்று, பயிரின் பக்குவம் பார்த்து, வெட்டு உத்தரவுக்கு எழுதி வருவது அவருடைய அலுவல். அதற்காக 1976-ம் வருஷத்தில், ராணுவம் கழித்து ஏலம் விட்ட என்பீல்டு புல்லட் ஒன்றை வாங்கினார். இருபத்தைந்து வருஷ காலம் அது அவரைச் சுமந்தது. அதன் கறுப்பு நிறத்தையும், பெட்ரோல் தொட்டியின் மீது ஓடும் பொன்னிறக் கோட்டையும் அன்றி வேறு கோலத்தில் அதை நான் கண்டதில்லை.

அவர் காலமாகி ஆறு வருஷங்கள் ஆகின்றன. சென்னையில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தவன், வண்டியின் நிலையைக் கண்டு மனம் வருந்தினான். "பிறந்தபோது என்ன நிறமோ, அந்த நிறத்திலேயே புதுப்பித்து விடுவோம், அண்ணா. அப்பாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்" என்றான். திருவண்ணாமலையிலிருந்து அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம்.

அவர் செய்த பரிசோதனையை நேயர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறேன். வெயில் பட்ட இடத்தில் வர்ணம் வெளுத்திருக்கும், அதை நம்பலாகாது. தொட்டியின் அடிப்புறம், கருவிப் பெட்டியின் உட்புறம், ஆசனத்தின் கீழே உள்ள தகடு ஆகிய மறைவிடங்களிலேதான் பழைய நிறம் பிழைத்திருக்கும். அங்கே காசு அளவு இடத்தை நனைத்து, மெல்லிய நீர்த்தாளால் மெதுவாகத் தேய்த்தால், ஒவ்வொரு பூச்சும் மரத்தின் வயதைக் காட்டும் வளையம்போல் வெளிப்படும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஆகையால் உலர்ந்தபடி தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பது ஆபத்து.

எங்கள் வண்டியில் முதலில் கறுப்பு; அதன் கீழே சாம்பல் நிற அடிப்பூச்சு; அதற்கும் கீழே பச்சை. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து, "ஸார், இது பிறவியிலே கறுப்பு வண்டி இல்லை. பட்டாளத்துப் பச்சை!" என்றார்.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்தில் பிறந்த புல்லட், நம் நாட்டுக்கு ராணுவத்தின் வாயிலாகவே பெருமளவில் வந்து சேர்ந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. அதன் விளைவாக 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை நிறுவின. அடுத்த வருஷம் திருவொற்றியூரில் ஆலை திறக்கப்பட்டது. முதலில் உதிரிப் பாகங்களைக் கொணர்ந்து பூட்டிய நம் தொழிலாளர்கள், சில வருஷங்களுக்குள் முழு வண்டியையும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்யலானார்கள். 1970-ல் இங்கிலாந்தில் அந்தத் தொழில் அடங்கிய பிறகும், வண்டி தமிழ்நாட்டில் தொடர்ந்து உயிர் வாழ்ந்தது. தொட்டியின் மேல் பொன்னிறக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பது திருவொற்றியூர் ஆலையின் புகழ் பெற்ற வழக்கம்.

தம்பிக்கு உற்சாகம் கரை புரண்டது. "பச்சையே பூசுவோம்!" என்றான். ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதியின்படி, ராணுவ இலாகாவுக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் அந்த ஆலிவ் பச்சையைப் பூசலாகாது. பிறந்த நிறமே இன்று அதற்கு விலக்கப்பட்ட நிறம்!

"போகட்டும்; கறுப்பையாவது பளபளவென்று புதிதாகப் பூசிவிடலாமே" என்றான் தம்பி. அப்போது, அதுவரை பேசாமல் கீரை ஆய்ந்து கொண்டிருந்த எங்கள் தாயார் வாய் திறந்தார்.

"வாங்கி வந்த அன்றைக்குப் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு வாரத்திலே உங்கள் அப்பா கறுப்புப் பூச வைத்துவிட்டார். 'பட்டாளத்துக்கு உழைத்தது போதும். இனிமேல் நமக்கு உழைக்கட்டும்' என்றார். தொட்டியின் இரண்டு பக்கமும் அவர் முழங்கால் பட்டுத் தேய்ந்திருக்கிறதே, அதையும் மூடிவிடப் போகிறீர்களா?"

நாங்கள் இருவரும் எழுந்து சென்று பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு தேய்ந்து, நடுவே பச்சை தெரிந்தது. எத்தனையோ முறை கண்ணில் பட்ட இடம்தான். அழுக்கு என்றே நினைத்திருந்தோம்.

அன்றிரவு எனக்குத் தஞ்சைப் பெரிய கோவிலின் நினைவு வந்தது. அங்கே கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் வெகு காலம் நாயக்கர் காலத்து ஓவியங்களே தெரிந்தன. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, அவை உதிர்ந்த இடங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்பொருள் இலாகாவினர் நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறிந்துவிடவில்லை. பக்குவமாகப் பெயர்த்தெடுத்துப் பலகைகளில் பதித்துக் காப்பாற்றினார்கள். கீழே இருப்பது பழமையானது என்பதனால் மேலே இருப்பது குப்பையாகிவிடுமா?

மோட்டார் வண்டிகளைப் பற்றியும் உலகம் இம்முடிவுக்கே வந்திருக்கிறது. பழைய வண்டிப் பிரியர்களின் சர்வதேச சம்மேளனம் 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாஸனத்தின் கருத்து இது: வண்டி உழைத்த காலத்தில் அதற்கு நேர்ந்த மாறுதல்களும் அதன் சரித்திரத்துக்குச் சாட்சிகளே, அவற்றை அழித்து, ஆலையை விட்டு வந்த நாளின் தோற்றத்துக்குத் திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. நம் ஸர்க்காரும் 2021-ல் வெளியிட்ட விதிகளில், ஐம்பது வருஷம் கடந்து மூல உருவில் காக்கப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் வழங்க வகை செய்திருக்கிறார்கள்.

இதனால் வர்ணமே பூசக் கூடாது என்பது என் அபிப்பிராயமல்ல. வர்ணம் அலங்காரம் மட்டும் அன்று; இரும்புக்கு அது கவசம். கவசம் போன இடத்தைத் துரு தின்னும். துரு தின்றபின் சரித்திரம் பேசிப் பயனில்லை. மேல் வர்ணத்தில் போற்றத்தக்க நினைவு எதுவும் இல்லாமல், அடி நிறம் இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால், பழைய நிறத்துக்குத் திருப்புவது நியாயமே. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்நாளில் அடுப்பில் சுட்டு இறுக்கிய எனாமலின் அடக்கமான பளபளப்பு வேறு. இன்றைய இரட்டைக் கலவை வர்ணத்தின் கண்ணாடிப் பளபளப்பு வேறு. நிறத்தை மீட்கலாம்; அந்தப் பூச்சை மீட்க முடியாது. வேண்டுமானால் அடுத்த வருஷமும் பூசிக் கொள்ளலாம். சுரண்டியதை எந்த வருஷமும் திரும்ப ஒட்ட இயலாது.

முடிவில் இவ்வாறு செய்தோம். துருப் பிடித்த சட்டத்தையும் சக்கரத் தகடுகளின் அடிப்புறத்தையும் சுத்தம் செய்து கறுப்புப் பூசினோம். தொட்டியை மென்மையான சோப்பு நீரால் கழுவி, மெழுகிட்டுத் துடைத்ததோடு விட்டோம். கருவிப் பெட்டியின் உட்புறத்தில் மெக்கானிக் திறந்த காசு அளவுப் பச்சையை மூடவில்லை. எங்கே என்ன செய்தோம் என்பதைப் படங்களுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வண்டிக் காகிதங்களோடு வைத்திருக்கிறோம்.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும் அன்று காலையில், தம்பி வண்டியை ஆற்றங்கரை வரையில் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தவன் இறங்காமல், தொட்டியின் இரு பக்கமும் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, என் முழங்காலும் சரியாக அதே இடத்தில்தான் படுகிறது" என்றான்.