பவளப்பாறை வாங்கினால் ஜெயில்! மீன் தொட்டிக்கு "கல்" வீட்டிலேயே தயார்

சிமெண்டு, கிளிஞ்சல், கல் உப்பு போதும்! அவசரப்பட்டால் மீன் காலி!!

சென்னை,

கடல் மீன் தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று பவளப்பாறைத் துண்டை வாங்கி வைப்பவர்கள் கம்பி எண்ண வேண்டியது வரும். குறைந்தபட்ச தண்டனையே 3 ஆண்டு ஜெயில்!

ஆனால் அதற்காக மீன் ஆசையை விட வேண்டியது இல்லை. அதே மாதிரி கல்லை வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து விடலாம். அதற்கு வேண்டிய சாமான்கள் ஹார்டுவேர் கடையிலும், மளிகைக் கடையிலும், கோழித் தீவனக் கடையிலும் கிடைக்கின்றன.

ஒன்றே ஒன்றுதான் கடையில் கிடைக்காது. அது பொறுமை! கல் செய்ய ஒரு மணி நேரம் போதும். அதை மீனுக்கு ஏற்றதாக மாற்ற 2 மாதம் ஆகும்.

கல் எதற்கு?

கடல் மீன் தொட்டியில் கல் வெறும் அலங்காரப் பொருள் அல்ல.

மீனின் கழிவில் இருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. அதைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லின் துளைகளில்தான் குடி இருக்கின்றன. துளை அதிகம் இருந்தால் குடித்தனமும் அதிகம். பயந்த மீன் ஓடி ஒளியவும் கல்லில் பொந்து வேண்டும்.

பவளப்பாறை இயற்கையிலேயே துளை நிறைந்தது. அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி.

7 ஆண்டு வரை

"ஒரு துண்டு கல்லுதானே சார், யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்பவர்கள் உண்டு.

சட்டத்துக்குத் தெரியும்! 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்பு சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-ம் ஆண்டு பவளப்பாறைகள் சேர்க்கப்பட்டன. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை அது. செத்துப் போன பவளப்பாறைத் துண்டும் இதில் அடக்கம்.

பிடிபட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அதோடு அபராதமும் உண்டு. 2022-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச அபராதம் 25 ஆயிரம் ரூபாய்.

மூழ்கிய தீவுகள்

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் தெற்கே மன்னார் வளைகுடாவில் இருக்கிறது.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-ம் ஆண்டு இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவுகளைச் சுற்றி உள்ள பவளப்பாறைதான் அலைக்கு மதில் சுவர்.

அந்தச் சுவரை ஆண்டுக்கணக்கில் வெட்டினார்கள். சுண்ணாம்புக்கும், கட்டடத்துக்கும், தொழிற்சாலைக்கும் வள்ளம் வள்ளமாகக் கொண்டு போனார்கள். கடைசியில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன.

பவளப்பாறை சீக்கிரம் வளரும் பொருளும் அல்ல. குண்டு குண்டாக வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். ஒரு பானை அளவு கல்லைப் பெயர்த்து எடுத்தால், பல ஆண்டு வளர்ச்சி ஒரே நாளில் போச்சு!

எப்படி செய்வது?

சிமெண்டு ஒரு படி. நொறுக்கிய கிளிஞ்சல் 3 படி. கல் உப்பு ஒரு படி. இதுதான் கணக்கு.

கோழிக்குப் போடும் கிளிஞ்சல் நொறுக்கே போதும். ஆனால் மருந்து எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண சிமெண்டு போட்டால் சாம்பல் நிறம் வரும். வெள்ளை சிமெண்டு போட்டால் கல் வெளுப்பாக இருக்கும். தண்ணீர் கசியாமல் இருக்க சேர்க்கும் ரசாயனம், பெயிண்டு எதுவும் கூடவே கூடாது. இரும்புக் கம்பியும் ஆகாது. உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து விடும்.

முதலில் சிமெண்டையும் கிளிஞ்சலையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். பதம் முக்கியம். புட்டுக்கு மாவு பிசைகிற மாதிரி இருக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. கல் உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கரைந்து விடும்.

உப்பு எதற்கு? அங்கேதான் சூட்சுமம்! கல் இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் உப்பு கரைந்து ஓடிவிடும். அது இருந்த இடம் எல்லாம் துளை! ஆசைப்பட்டு உப்பை அள்ளிப் போட்டால் கல் பொலபொலவென்று உதிரும்.

ஒரு பழைய பெட்டியில் ஈர மணலைக் கொட்டி, நடுவில் பள்ளம் பறித்து, பிசைந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அழுத்திப் பூசக் கூடாது. விரலால் அங்கங்கே குத்தி விடலாம். நடுவில் மணலை உருண்டையாகப் பிடித்து வைத்து அதன் மேல் கலவையைப் போட்டால், பிறகு மணலைத் தட்டி எடுத்ததும் குகை தயார்.

சிமெண்டு கையைப் புண்ணாக்கும். ரப்பர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தூள் மூக்கில் ஏறாமல் முகமூடி கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

2 மாதம் ஊறல்

வெயில் நேராக அடித்தால் கல் வெடித்து விடும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, 2 நாள் நிழலில் விட வேண்டும். பிறகு எடுத்து, புதிதாகப் போட்ட தளத்துக்குத் தண்ணீர் காட்டுவது போல ஒரு வாரம் ஈரமாகவே வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஊறல் ஆரம்பம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி கல்லைப் போட வேண்டும். முதல் வாரம் 2 நாளுக்கு ஒரு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் தண்ணீரை மாற்ற வேண்டும். 6 முதல் 8 வாரம் இப்படியே.

குடிதண்ணீரை இதற்கு வீணாக்க வேண்டாம். ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரே ஆரம்ப ஊறலுக்குப் போதும். ஊறிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றி விடக் கூடாது. செடி கருகி விடும்.

ஏன் மீன் சாகிறது?

சிமெண்டு இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு உண்டாகிறது. அது தண்ணீரில் கசிந்து காரத்தை ஏற்றும்.

காரத்தை அளக்கும் அளவு பி.எச். எனப்படுகிறது. கடல் மீன் தொட்டியில் இது 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். புது சிமெண்டுத் தண்ணீரில் 12-க்கு மேல் இருக்கும்! எண்ணில் பார்த்தால் 4தான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் காரம் 10 மடங்கு ஏறும். அதாவது 10 ஆயிரம் மடங்கு! இதில் மீனை விட்டால் செவுள் வெந்து போகும்.

"வினிகரில் முக்கினால் ஒரே நாளில் சரியாகி விடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். வெளியே இருக்கும் சுண்ணாம்பு மட்டும்தான் போகும். உள்ளே இருப்பது மெதுவாகக் கசிந்து, பிறகு மீனைக் கொல்லும்.

கல் தயாராகி விட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. 2 வாளியில் ஒரே குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஒன்றில் கல்லைப் போட்டு, இன்னொன்றைச் சும்மா விட வேண்டும். ஒரு வாரம் கழித்து பி.எச். பரிசோதனை மருந்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் இந்த மருந்து கிடைக்கும். கல் கிடக்கும் தண்ணீர் 8.4-ஐத் தாண்டி ஏறி இருந்தால், திரும்பவும் ஊறல்தான்.

செத்த கல் உயிர் பெற

தேறிய கல்லைத் தொட்டியில் வைக்கும்போது நேராகக் கண்ணாடி மேல் வைக்காமல், அடியில் பிளாஸ்டிக் தகடு போட வேண்டும். முதலில் கல், பிறகு மணல். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டும்போது கல் சரிந்து கண்ணாடி உடைந்து விடும்.

புதுக் கல்லில் நுண்ணுயிர் இருக்காது. கடல் மீன் நன்றாக வாழும் பழைய தொட்டியின் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் சீக்கிரம் பரவும். பரிசோதனையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று வந்த பிறகே மீன். இதற்கும் 4 முதல் 6 வாரம் ஆகும்.

ஆக மொத்தம் 3 மாதம் காத்து இருக்க வேண்டும். முதலில் விட ஏற்றது, "நீமோ" படத்தில் வந்த ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். மண்டபம் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இதைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைத்து இருக்கிறது. பண்ணை மீனாகக் கேட்டு வாங்கினால் அதற்கும் கடலைத் தொட வேண்டியது இல்லை.

தூத்துக்குடி அருகே வான் தீவைக் காப்பாற்றவும் இதே வழியைத்தான் பிடித்து இருக்கிறார்கள். கரைந்துகொண்டு இருந்த அந்தத் தீவைச் சுற்றி 2015-ம் ஆண்டு முதல் கான்கிரீட் செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. வெட்டி எடுத்த பாறைக்குப் பதிலாக சிமெண்டுப் பாறை!

கடலுக்கே சிமெண்டுக் கல் ஆகும் என்றால், ஹாலில் இருக்கும் 3 அடி தொட்டிக்கு ஆகாதா?