சட்டத்தின் முன் ஒரு சிறுமி

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கித் தேவிகுளத்திலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் கையில் இன்று கைபேசி உண்டு. 17 வயதுப் பெண்ணொருத்தி, தன் ஆடையற்ற படத்தைத் தானே எடுத்து, தன் வயதொத்த காதலனுக்கு அனுப்புகிறாள் என வைத்துக்கொள்வோம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, 18 வயது நிரம்பாதவரை ஆபாசமாகக் காட்டும் படத்தை ஆக்குவதையும் அனுப்புவதையும் தண்டிக்கிறது. முதற்குற்றத்திற்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறாரை வைத்துப் பிழைக்கும் கயவரை ஒடுக்க 2009-இல் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. கலைக்கும் கல்விக்கும் சமயத்திற்கும் விலக்களித்த சட்டம், தன்னைத் தானே படமெடுத்த சிறுமியை மறந்துவிட்டது! எழுத்தின்படி பாதிக்கப்பட்டவளும் அவளே, குற்றமிழைத்தவளும் அவளே.

பையனுக்கும் இடர் உண்டு. அத்தகைய படத்தை அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருப்பதிலிருந்தே பரப்பும் எண்ணத்தை ஊகிக்கலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இருவரும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னரே நிற்பர் என்பது ஓர் ஆறுதல். ஆயினும் படத்தைக் காட்டி எவனேனும் மிரட்டினால் அவள் யாரிடம் செல்வாள்? சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றத்தை அறிந்த ஆசிரியர் காவல்துறைக்கு அறிவித்தே தீரவேண்டும். அதற்கஞ்சி அவள் வாய் திறவாள். மிரட்டுபவனுக்கு அதுவே கவசம்.

பெற்றோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். சிறாருக்குப் புரியாத மொழியில் புகார் எழுதப்படுமாயின், மொழிபெயர்ப்பாளரைத் தரவேண்டுமென அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு விதிக்கிறது. மூணாற்றில் மலையாளத்தில் எழுதப்படும் தமிழ்ச் சிறுமியின் புகாருக்கும் இது பொருந்தும்.