இளைப்பு அடங்காத பிள்ளைக்கு ஓர் இரத்தப் பரிசோதனை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஈரம் எளிதில் விலகுவதில்லை. லயத்துச் சுவரில் படரும் பூஞ்சணம், மட்கும் இலைக்குவியல், காய்கறித் தோட்டத்து எரு இவையெல்லாம் ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகளுக்கு ஏற்ற இடங்கள். அவற்றின் வித்துகளை எல்லோருமே சுவாசிக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு மட்டும் உடலின் எதிர்ப்பு எல்லை மீறிப்போகிறது. சளி இறுகி, பழுப்பு நிறக் கட்டியாக வெளிவரும். பஃப் அடித்தும் இளைப்பு அடங்காது. கவனிக்காமல் விட்டால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடும். எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்த கதை இந்தியாவில் ஏராளம்.

அரிதான நோய்க்கு எதற்கு இத்தனை கவலை என்று கேட்கலாம். ஆஸ்துமா சிறப்பு கிளினிக்குகளுக்கு வருவோரில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருக்கு இந்தப் பூஞ்சை ஒவ்வாமை நோய் இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துச் சண்டிகர் மருத்துவர்கள் 2009இல் கணித்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டாம். ஒழுங்காக மருந்து எடுத்தும் இளைப்பு அடங்காதவர்களுக்கு, இரத்தத்தில் ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் ஆஸ்பர்ஜில்லஸுக்கான ஐஜிஇ அளவையும் பார்த்தே ஆக வேண்டும்.

நோய் உறுதியானால் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். வளரும் பிள்ளைக்கு ஸ்டீராய்டா என்ற பயம் நியாயமானது. ஆனால் பிரெட்னிசொலோன் என்னும் அந்த ஸ்டீராய்டு சில மாதங்களில் படிப்படியாகக் குறைக்கப்படும். பாதியில் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. பூஞ்சை மருந்தான இட்ராகோனசோலும் உண்டு. 131 பேரிடம் சண்டிகரில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசொலோன் எடுத்த அனைவரும், இட்ராகோனசோல் எடுத்தவர்களில் 88 சதவீதத்தினரும் தேறினார்கள். பின்னதில் பக்கவிளைவு குறைவு. அதற்குக் கல்லீரல் சோதனை அவசியம். சில ஸ்டீராய்டு பஃப்களோடு சேர்ந்தால் அவற்றின் வீரியத்தை உடலில் கூட்டிவிடும் என்பதால், பிள்ளை எடுக்கும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, வீட்டைச் சரிசெய்து என்ன பயன் என்பாருக்கு: முழுதாகத் தவிர்க்க முடியாவிட்டாலும் சுவாசிக்கும் அளவைக் குறைக்கலாம். முதலாளி தரும் வீட்டைப் பழுதின்றி வைக்கும் கடமையை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் அவர்மீது சுமத்துகிறது. ஒழுகும் கூரையைப் படமெடுத்து எழுத்தில் கேளுங்கள். செய்யாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். தானா ராத்தா அரசு மருத்துவமனையில் ஐஜிஇ சோதனை இல்லையென்றால், ஈப்போவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.